பிறந்ததும் அழுததா? ஆட்டிசமும் பேறுகாலக் காரணிகளும்: ஓர் எளிய விளக்கம்

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற ஐயத்துடன் வளர்ச்சி மதிப்பீட்டு மையம் ஒன்றுக்கு முதல் முறையாகச் செல்லும் பெற்றோரை அமரவைத்து, அங்கிருப்பவர் நான்கைந்து பக்கப் படிவம் ஒன்றை நிரப்பத் தொடங்குவார். பெயரும் வயதும் முகவரியும் முடிந்த கையோடு அந்தப் படிவம் பிரசவ அறைக்குள் நுழைந்துவிடும். சொந்தத்தில் திருமணமா? அப்போது அம்மாவுக்கு என்ன வயது, அப்பாவுக்கு என்ன வயது? கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, காய்ச்சல் வந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? சுகப்பிரசவமா, ஆபரேஷனா? எத்தனை மாதத்தில் பிறந்தது, எவ்வளவு எடை? பிறந்ததும் அழுததா? மஞ்சள் காமாலை வந்ததா, பெட்டியில் வைத்தார்களா?

விடை சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் தாழ்ந்துகொண்டே போவதை, இந்தப் படிவத்தை நிரப்பிய எவரும் கவனித்திருப்பார்கள். பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஸ்கேன் அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து நீட்டுவார். "கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார்கள்" என்பார். கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததைப் பக்கத்தில் இருக்கும் மாமியார் நினைவுபடுத்துவார். தகவலுக்காகக் கேட்கப்படும் கேள்வி அந்த அம்மாவின் காதில் விசாரணையாகவே விழுகிறது. அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் என்ன ஆய்வு இருக்கிறது, எதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம், எதைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை என்பவற்றை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பேச்சாலும் பார்வையாலும் சைகையாலும் பிறரோடு தொடர்புகொள்வதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு மாற்றத்தையும் ஏற்க முடியாமை, ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை வெவ்வேறு அளவில் சேர்ந்திருக்கும். உலக அளவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. இரண்டு, மூன்று வயதில்தான் பெரும்பாலும் வெளியே தெரிகிறது என்றாலும், அதன் வேர் குழந்தை கருவறையில் இருக்கும்போதே ஊன்றிவிடுகிறது என்பதுதான் இன்றைய பொதுவான அறிவியல் கருத்து. தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுவோரும் உண்டு. மதி இறுகிப்போய்விட்டது என்று பொருள்படும் அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லாததால், வீடுகளில் புழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் ஆட்டிசம் என்ற பெயரோடு சேர்ந்தே வளர்ந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இத்துறையின் தொடக்கப் புள்ளி. இது பிறவியிலேயே வருவது என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் கருதினார். ஆயினும் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்ற தம் கவனிப்பையும் அவர் எழுதிவைத்தார். பின்னர் வந்தவர்கள் இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டார்கள். தாயின் பாசமின்மையே குழந்தையை உள்ளே ஒடுங்கச் செய்கிறது என்ற கருத்து பரவி, ஆட்டிசக் குழந்தையின் தாய்க்குக் "குளிர்பெட்டித் தாய்" என்ற பட்டப்பெயரே வந்தது. மனத்தின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வைப் பின்பற்றியவரும் சிகாகோவில் இருந்தவருமான புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அந்தக் கருத்தைப் பரவலாகக் கொண்டுசென்றார். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்தவரும், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட், அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1964-இல், இது உடலியல் அடிப்படை கொண்டது என்று ஆதாரங்களுடன் மறுத்திருந்தார். 1969-இல் பெற்றோர் அமைப்பின் கூட்டம் ஒன்றில் கானரே நேரில் பேசி, பெற்றோர்கள் மீது குற்றம் இல்லை என்று விடுவித்தார். வளர்ப்பு முறையால் ஆட்டிசம் வருவதில்லை என்பது அத்துடன் முடிந்துபோன விவாதமாக இருந்திருக்க வேண்டும். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்", "வேலைக்குப் போய்விட்டதால் பிள்ளை பேசவில்லை" என்ற வடிவங்களில் அது நம் வீடுகளில் இன்னும் முடியவில்லை.

பெற்றோருக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள மெய்யான இணைப்பு மரபணுக்கள் வழியாக அமைந்தது. இதைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வு 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இங்கிலாந்தில் செய்த இரட்டையர் ஆய்வு. ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரண்டு கருமுட்டைகளிலிருந்து வந்தவர்கள் மரபணுவைப் பொறுத்தவரை சாதாரண அக்கா தம்பி போன்றவர்களே. இரு வகையினரும் ஒரே கருப்பையில் ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், இரு வகைகளுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டை மரபணுவின் கணக்கில் எழுதலாம். ஒரே முட்டை இரட்டையர் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு முட்டை இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் திசை சரியாக இருந்தது. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களின் பதிவேடுகளிலிருந்து 20 லட்சம் குழந்தைகளை எடுத்து 2019-இல் வெளியான ஆய்வு, மக்கள்தொகையில் ஆட்டிசம் ஒருவருக்கு இருப்பதற்கும் ஒருவருக்கு இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மரபணு வேறுபாடுகள் விளக்குகின்றன என்று கண்டது.

இந்த எண்ணைச் சொன்னதும் இரண்டு எதிர்வினைகள் வரும். ஒன்று, "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே". மற்றொன்று, அது உங்கள் பக்கத்திலிருந்து வந்ததா எங்கள் பக்கத்திலிருந்து வந்ததா என்று இரண்டு சம்பந்தி வீடுகளுக்கும் இடையே மூளும் வழக்கு. இரண்டுமே மரபணு என்பதை ஒரே ஒரு தவறான சரக்கு கைமாறுவதுபோலப் புரிந்துகொள்வதால் வருபவை. உயரத்தைப் போலவே ஆட்டிசத்திலும், தனித்தனியே எந்தத் தொல்லையும் தராத சிறுசிறு மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் இரு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு குழந்தையிடம் சேரக்கூடும். அம்மாவிடமும் இல்லாத, அப்பாவிடமும் இல்லாத ஒரு மாற்றம் முட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகத் தோன்றியும் இருக்கலாம். ஆகவே குடும்ப மரத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் இருப்பது மரபணுக் காரணத்தை மறுத்துவிடாது. "அடுத்த குழந்தைக்கும் வருமா?" என்று தயங்கிக் கேட்கும் பெற்றோருக்குச் சொல்லக்கூடிய விடையும் இதில் அடங்கியுள்ளது: மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், பின்னர் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது கண்டறியப்படுகிறது, மீதி நான்கு பேருக்கு இல்லை.

மரபணுவுக்கு இவ்வளவு பங்கு என்றால், படிவத்தில் பிரசவத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுவதும் எதற்கு? பேறுகாலத்தில் நடந்த பல நிகழ்வுகளுக்கும் ஆட்டிசத்துக்கும் புள்ளியியல் தொடர்பு உண்டு என்பதே காரணம். 2011-இல் ஹன்னா கார்டனரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த 40 ஆய்வுகளைத் தொகுத்து 60-க்கும் மேற்பட்ட காரணிகளை அலசினார்கள். தொப்புள்கொடிச் சிக்கல், பிரசவத்தில் குழந்தைக்கு ஏற்பட்ட திணறல், பிறப்பின்போது காயம், மிகக் குறைந்த எடை, பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குறைவான ஆப்கார் மதிப்பெண் (குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடுவது), கடுமையான மஞ்சள் காமாலை எனப் பலவற்றுக்குத் தொடர்பு தெரிந்தது. ஆனால் அவர்கள் எழுதிய முடிவு, இவற்றுள் எந்த ஒன்றையும் தனித்துக் காரணம் என்று சுட்டப் போதிய சான்று இல்லை என்பதே. 2013-இல் வெளியான ஓர் இந்திய ஆய்விலும் பிரசவத்தில் குழந்தைக்குத் திணறல், தாமதமாக அழுதது, மஞ்சள் காமாலை போன்றவை ஆட்டிசக் குழந்தைகளிடம் கூடுதலாக இருந்தன.

தொடர்பு இருந்தும் காரணம் என்று சொல்ல ஏன் தயங்குகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் மையம். மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது நினைவு. மூன்று வயதுக் குழந்தை பேசவில்லை என்றதும் அந்த அம்மா, இரவுகளில் உறங்காமல் தன் பத்து மாதத்தையும் ஒவ்வொரு நாளாகப் புரட்டிப் பார்த்திருப்பார். இயல்பாக வளரும் குழந்தையின் அம்மாவுக்கு அந்தத் தேவை வந்ததில்லை. இருவரையும் அமரவைத்து "குழந்தை பிறந்ததும் உடனே அழுததா?" என்று கேட்டால், முதல் அம்மாவின் விடையில் சிறு தாமதமும் பெரிதாகத் தெரியும். எனவேதான் 1973 முதல் எல்லாப் பிறப்புகளையும் அப்போதைக்கப்போது பதிந்துவரும் ஸ்வீடன் போன்ற நாடுகளின் ஏடுகளை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள். பின்னாளில் குழந்தைக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஒரு செவிலியர் பிரசவ நாளன்று எழுதிய குறிப்புக்கு நம்பகத்தன்மை அதிகம்.

இரண்டாவது, எது முன்னால் எது பின்னால் என்ற சிக்கல். பிரசவம் தாய் மட்டும் நடத்தும் செயலன்று. குழந்தையும் தலையைத் திருப்பி, உடலை வளைத்து, வெளியே வந்ததும் மூச்சை இழுத்து, தன் பங்கைச் செய்கிறது. கருவில் இருக்கும்போதே நரம்பு மண்டலம் வேறு விதமாக அமைந்த குழந்தை, அந்தப் பங்கைச் சரியாகச் செய்ய முடியாமல் பிரசவத்தைச் சிக்கலாக்கக்கூடும். அப்போது பிரசவச் சிக்கல் முன்பே இருந்த வேறுபாட்டின் முதல் அறிகுறியாகிறது. நாமோ அதையே காரணம் என்று எழுதிவிடுகிறோம். இந்த எண்ணம் புதியதும் அன்று. பெருமூளை வாதம் என்ற உடலியக்கக் குறைபாட்டுக்குக் கடினமான பிரசவமே காரணம் என்று 1860-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் சொன்னபோது உலகம் ஏற்றுக்கொண்டது; 1897-இல் ஒரு வியன்னா மருத்துவர், கடினமான பிரசவமே ஆழத்தில் உள்ள வேறொன்றின் விளைவாக இருக்கலாமே என்று கேட்டார். அவர் பெயர் சிக்மண்ட் பிராய்டு. நரம்பியலாளராக இருந்தபோது இவ்வளவு நிதானமாகச் சிந்தித்தவர் பின்னர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மரபிலிருந்துதான் "குளிர்பெட்டித் தாய்" கிளம்பினாள் என்பது ஒரு வேடிக்கை.

மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவாகப் பின்னால் நிற்கும் வேறொன்று. ஒரு குடும்பத்தின் மரபணு, தாயின் உடல்நலம், வருமானம், ஊர் ஆகியவை பிரசவ முறையையும் தீர்மானிக்கலாம், ஆட்டிச வாய்ப்பையும் தீர்மானிக்கலாம். இதைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் வழி உடன்பிறப்பு ஒப்பீடு. ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்த அக்கா சுகப்பிரசவம், தம்பி சிசேரியன் என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒன்று, பெற்றோர் அதே இருவர், மரபணுவிலும் ஏறத்தாழ பாதி பொது. சிசேரியன்தான் காரணம் என்றால், இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது சிசேரியனில் பிறந்த பிள்ளையிடமே ஆட்டிசம் கூடுதலாகத் தெரிய வேண்டும்.

அப்படிப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்வீடனில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில், நாள் குறித்துச் செய்த சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமாக இருப்பதுபோல முதலில் தெரிந்தது. உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். அந்த விழுக்காடு தேவைக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்பது தாயின் உடல்நலத்தை வைத்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆட்டிசத்தைக் காட்டி அச்சுறுத்திக் கேட்கப்பட வேண்டியது அன்று. ஊசி போட்டு வலி வரவழைத்த பிரசவத்துக்கும் இதே கதைதான்: உடன்பிறப்பு ஒப்பீட்டில் தொடர்பு நிற்கவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருப்பதோ நூறு பிரசவங்களில் இருபது முப்பதில் காணப்படும் சாதாரண நிகழ்வு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மருத்துவர் ஒரு விரலால் கொடியைத் தளர்த்தித் தலைவழியே கழற்றிவிடுவார், அவ்வளவே.

எல்லாத் தொடர்பும் இப்படிக் கரைந்துபோவதில்லை. குறைமாதப் பிறப்பு கரையவில்லை. ஸ்வீடனில் பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், 39 முதல் 41 வாரத்தில் பிறந்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. 37, 38 வாரத்தில் பிறந்தவர்களில் 1.6, 34 முதல் 36 வாரத்தில் 1.9, 28 முதல் 33 வாரத்தில் 2.6, 22 முதல் 27 வாரத்தில் பிறந்தவர்களில் 6.1. படிப்படியாக ஏறும் இந்த வரிசையும், உடன்பிறந்தோரோடு ஒப்பிட்ட பின்னும் தொடர்பு பெருமளவு நிலைத்ததும், இங்கே ஏதோ ஒரு காரணத் தன்மை இருக்கிறது என்ற எண்ணத்துக்கு வலுவூட்டுகின்றன. அதற்கு உடலியல் விளக்கமும் உண்டு. கடைசி மூன்று மாதங்களில்தான் சிறுமூளை வேகமாகப் பெருக்கிறது. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளும் அப்போதுதான் பின்னப்படுகின்றன. கருவறையின் இருட்டிலும் வெதுவெதுப்பிலும் நடக்க வேண்டிய அந்த வேலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்திலும் ஊசிகளுக்கும் கிருமித் தொற்றுக்கும் இடையிலும் நடக்க நேர்கிறது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1.4 எங்கே, 6.1 எங்கே, நான்கு மடங்குக்கும் மேல் ஆபத்து என்று செய்தித் தலைப்பு எழுதலாம், அது பொய்யும் ஆகாது. ஆறாம் மாதத்தில் பிறந்து பிழைத்த நூறு குழந்தைகளில் 94 பேருக்கு ஆட்டிசம் இல்லை என்பதும் அதே எண்தான். மறுபக்கமாகப் பார்த்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். இவ்வளவு சீக்கிரம் பிறப்பவர்கள் மொத்தத்தில் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். "இத்தனை மடங்கு" என்று எங்கே கண்டாலும், எதன் மடங்கு என்று கேட்கும் பழக்கம் பெற்றோருக்கு நல்லது.

இனி, பிறந்ததும் அழாத குழந்தை. தமிழ்நாட்டில் இதைப்போலக் கேட்கப்படும் கேள்வி வேறில்லை. இதைப்போலத் தவறாக முடிவுகட்டப்படுவதும் வேறில்லை. மூச்சுத் திணறல் கடுமையாக இருந்து, முதல் ஓரிரு நாள்களில் வலிப்பு, பால் குடிக்க முடியாமை, தளர்ச்சி ஆகியவை தோன்றியிருந்தால் மூளைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கலாம்; அதன் வழக்கமான பின்விளைவுகள் பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பு நோய் ஆகியவை. ஆட்டிசமும் அவற்றோடு சேர்ந்து வரலாம். ஆனால் ஒரு நிமிடம் தாமதித்து, முதுகைத் தேய்த்துவிட்டதும் வீறிட்டு அழுது, அன்று மாலையே நன்றாகப் பால் குடித்த குழந்தைக்கு மூன்று வயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்டால், அந்த ஒரு நிமிடத்தின் மீது பழிபோட எந்த ஆதாரமும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆப்கார் மதிப்பெண் என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஒரு நிமிடத்தில் போட்டது, இரண்டாவது ஐந்தாம் நிமிடத்தில் போட்டது. முதல் எண் 5 ஆக இருந்து இரண்டாவது 9 ஆகியிருந்தால் குழந்தை விரைவில் தேறிவிட்டது என்று பொருள்.

பெற்றோரின் வயது அடுத்தது. இங்கே வழக்கம்போல அம்மாவின் வயதையே எல்லாரும் விசாரிப்பார்கள். ஆய்வுகள் அப்பாவின் பக்கமும் சுட்டுகின்றன. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்தணுக்களை உண்டாக்கும் செல்களோ பருவமடைந்தது முதல் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பழைய ஓலைச்சுவடியைப் பார்த்து ஒருவர் புதுச்சுவடி எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, படிதோறும் ஓரிரு எழுத்துப்பிழை சேர்வதுபோல, ஒவ்வொரு பிரிவின்போதும் மரபணு எழுத்துகளில் சிறு பிழைகள் சேர்கின்றன. ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுக்களை முழுமையாகப் படித்து 2012-இல் வெளியான ஆய்வு, அப்பாவின் வயது ஓராண்டு கூடினால் ஏறத்தாழ இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவதாகக் கணக்கிட்டது: 20 வயது அப்பாவிடமிருந்து ஏறத்தாழ 25, 40 வயது அப்பாவிடமிருந்து ஏறத்தாழ 65. அம்மாவிடமிருந்து வந்தவை சுமார் 15. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாத இடங்களில் விழுபவை. அரிதாக ஒன்று மூளை வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுவில் விழுந்துவிடும்.

மக்கள்தொகை அளவில் இதன் விளைவு எவ்வளவு? ஐந்து நாடுகளில் 57 லட்சம் குழந்தைகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், இருபதுகளில் இருந்த அப்பாக்களோடு ஒப்பிட, நாற்பதுகளில் இருந்தவர்களின் குழந்தைகளிடம் 28 சதவீதமும், 50 வயதைக் கடந்தவர்களின் குழந்தைகளிடம் 66 சதவீதமும் கூடுதலாக ஆட்டிசம் காணப்பட்டது. நாற்பதுகளில் இருந்த அம்மாக்களுக்கு அது 15 சதவீதம். பதின்வயதுத் தாய்மார்களுக்கும் 18 சதவீதம் கூடுதல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நூற்றில் ஒன்று என்பதை அடிப்படையாக வைத்தால், 50 கடந்த அப்பாவுக்கும் அது நூற்றில் ஒன்றேமுக்காலை எட்டவில்லை. ஆட்டிசத்தின் சாயல் மெலிதாக உள்ள ஆண்களுக்கு இயல்பாகவே திருமணம் தள்ளிப்போகிறது, அந்த மரபே குழந்தைக்கும் வருகிறது என்ற விளக்கமும் முன்வைக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

சொந்தத்தில் திருமணம் என்ற கேள்வி நம் ஊருக்கே உரியது. மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகனையோ தாய்மாமனையோ மணக்கும்போது, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது குழந்தையிடம் இரட்டையாகச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. பல அரிய பிறவி நோய்கள் அப்படித்தான் வருகின்றன. ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் சேர்ந்திருக்கும் சில குழந்தைகளிடம் இவ்வகைப் பழுதுகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது உறவுத் திருமணத்தின் பங்கு குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. வளர்ச்சித் தாமதமும் வலிப்பும் சேர்ந்திருந்தால் மரபணு ஆலோசனை பெறுவது பயனுள்ளது. அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க அது உதவும்.

கர்ப்பகால நோய்களில் மிகத் தெளிவான சான்று உள்ளது ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மைக்கு. 1964-இல் அமெரிக்காவில் அது பெருமளவில் பரவியபோது கருவில் பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். 10 பேருக்கு முழுமையாகவும் 8 பேருக்குப் பகுதியாகவும் ஆட்டிசம் இருந்தது. தடுக்கக்கூடிய காரணி என்று விரல் நீட்டிச் சொல்லத்தக்க சிலவற்றில் இது ஒன்று, தடுப்பது தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் இந்தியா தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின் முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அப்போது பள்ளிக்கு மறுப்புக் கடிதம் கொடுத்த பெற்றோரும் உண்டு. அந்த வதந்தியின் மூலம், 1998-இல் 12 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் எழுதப்பட்டு 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்த 2019 ஆய்வு எந்தத் தொடர்பும் இல்லை என்று காட்டியது.

மருந்துகளில் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டியது வால்ப்ரோயேட். வலிப்புக்கும் சில மனநல நோய்களுக்கும் தரப்படும் இம்மருந்தைக் கர்ப்பத்தில் உட்கொண்டவர்களின் குழந்தைகளில் 4.4 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்ததை 2013-இல் டென்மார்க் ஆய்வு கண்டது. மொத்தக் குழந்தைகளில் அது 1.5 சதவீதம். வலிப்பு உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்பது அவசியம். தாமாக மாத்திரையை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. கர்ப்பத்தில் வரும் கடும் வலிப்பு இரண்டு உயிர்களுக்கும் உலை வைக்கும்.

பாராசிட்டமால் பற்றிய அச்சம் வேறு வகையானது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்ததும், நம் ஊர் மகப்பேறு மருத்துவர்களின் கைப்பேசிகளும் ஓயாமல் ஒலித்தன. 2024-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு 24 லட்சம் குழந்தைகளைப் பார்த்தது. பொதுவாக ஒப்பிட்டபோது மிகச் சிறிய வேறுபாடு தெரிந்தது; உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டபோது அதுவும் இல்லை. சிசேரியனில் பார்த்த அதே கதை. காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதற்கும் கருவிலுள்ள குழந்தை விலை கொடுக்க நேரலாம் என்பதை அறிவிப்புகள் சொல்லத் தவறிவிடுகின்றன. மருத்துவர் சொன்ன அளவில், தேவைப்படும்போது மட்டும் என்ற பழைய அறிவுரையே இன்றும் பொருந்தும்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சிறு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 3,22,323 குழந்தைகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வில், 26 வாரத்துக்குள் சர்க்கரை கண்டறியப்பட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் 42 சதவீதம் கூடுதல். பிந்திக் கண்டறியப்பட்டவர்களிடம் அப்படி இல்லை. குமட்டலோடு குடிக்கும் அந்தக் குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருக்க இது இன்னொரு காரணம். நார்வேயில் 85,176 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வந்த ஆய்வில், கருத்தரிக்கும் காலத்தை ஒட்டி ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் கடுமையான ஆட்டிசம் ஆயிரத்துக்கு ஒன்றாகவும், சாப்பிடாதவர்களிடம் ஆயிரத்துக்கு இரண்டாகவும் இருந்தது. இதைக் காரணம் என்று நிறுவியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க எப்படியும் சாப்பிட வேண்டிய மாத்திரை என்பதால் அந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் மாமியாரிடம் சொல்ல ஒரு வரி போதும்: எந்தச் சம்பந்தமும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பின் படிவத்துக்குத் திரும்பினால், அதன் கேள்விகள் முன்போலத் தோன்றுவதில்லை. பிரசவத்தைப் பற்றிக் கேட்பவர் பெரும்பாலும் காரணத்தைத் தேடிக் கேட்பதில்லை. குழந்தைக்கு வேறு எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவுசெய்யக் கேட்கிறார். கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை என்றால், ஆட்டிசம் என்று எழுதுவதற்கு முன் பெரா எனப்படும் செவித்திறன் பரிசோதனையை எடுத்தாக வேண்டும். காமாலை செவி நரம்பைப் பாதித்திருக்கலாம். எட்டாம் மாதத்துக்கு முன் பிறந்து பெட்டியில் ஆக்சிஜனோடு இருந்த குழந்தை கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை என்றால், விழித்திரையைக் கண் மருத்துவர் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். மூச்சுத் திணறி வலிப்பு வந்திருந்தால் கைகால் இறுக்கத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையானால் வயதையே வேறாகக் கணக்கிட வேண்டும். இரண்டரை மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை அதன் முதல் பிறந்தநாளன்று அழைத்துவந்தால், "ஒரு வயதாகிவிட்டது, இன்னும் கைகாட்டி எதையும் கேட்கவில்லை" என்று அம்மா கவலைப்படுவார். மதிப்பீடு செய்பவர் பிரசவத் தேதியின் அருகே, கர்ப்ப காலத்தில் மருத்துவர் குறித்துத் தந்த தேதியையும் எழுதிக்கொண்டு, அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார். அந்தக் கணக்கில் குழந்தைக்கு ஒன்பதரை மாதம்தான் ஆகியிருக்கும். அந்த வயதில் கைகாட்டிக் கேட்காமல் இருப்பது இயல்பு. கேள்விக்கு விடை எழுதும் கட்டத்தில் அவர் "திருத்திய வயது" என்று குறித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்.